டாம்கேட் ரீஸ்டார்ட்: வொர்க் ஃபோல்டரை ஒவ்வொரு முறையும் காலி செய்யணுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே வரியில் சொல்லுங்கள். ஜாவா வெப் சர்வரான டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்யும்போதெல்லாம், அது கம்பைல் செய்த பக்கங்களை வைத்திருக்கும் வொர்க் ஃபோல்டரை அழிக்கணுமா, வேண்டாமா?

வேண்டாம். அதை அழிக்க வேண்டிய நேரம் ரீஸ்டார்ட் அல்ல, புது வெளியீடு. மெமரி அளவை மாற்றிவிட்டு, எஸ்எஸ்எல் சான்றிதழைப் புதுப்பித்துவிட்டு, லினக்ஸ் அப்டேட் போட்டுவிட்டு டாம்கேட்டை நிறுத்தி எழுப்புகிறீர்கள் என்றால் உங்கள் ஜேஎஸ்பி பக்கங்களில் (ஜாவா கோடு கலந்த வெப் பக்கங்கள்) ஒரு எழுத்தும் மாறியிருக்காது. ஏற்கனவே கம்பைல் ஆன கோப்புகள் அப்படியே செல்லும். அவற்றை அழித்தால் அதே கோப்புகளை டாம்கேட் மறுபடி உருவாக்கும், அவ்வளவுதான் பலன்.

அப்ளிகேஷனின் புது வெர்ஷனைப் போடும்போதும், டாம்கேட்டையே வேறு வெர்ஷனுக்கு மாற்றும்போதும் கதை வேறு. அப்போது அழிப்பதுதான் பாதுகாப்பு. பல இடங்களில் ரீஸ்டார்ட், வெளியீடு இரண்டுக்கும் ஒரே ஸ்கிரிப்ட்தான் ஓடுகிறது, குழப்பத்தின் பாதி அங்கேதான்.

அந்த ஃபோல்டரில் அப்படி என்னதான் இருக்கிறது?

டாம்கேட்டின் அடிப்படை ஃபோல்டரான கேட்டலினா பேஸுக்குக் கீழே வொர்க், அதற்குள் கேட்டலினா, அதற்குள் லோக்கல்ஹோஸ்ட், அதற்குள் ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் ஒரு ஃபோல்டர். முதன்மை அப்ளிகேஷனுக்கு ரூட் என்ற பெயர். ஜாஸ்பர் எனப்படும் ஜேஎஸ்பி எஞ்சின் ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் ஜாவா சர்வ்லெட்டாக (வெப் கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா நிரல்) எழுதி, பிறகு கிளாஸ் கோப்பாக கம்பைல் செய்து இங்கே வைக்கும். 'பில்.ஜேஎஸ்பி' என்ற பக்கத்துக்கு 'பில்_ஜேஎஸ்பி.ஜாவா', 'பில்_ஜேஎஸ்பி.கிளாஸ்' என்று இரண்டு கோப்புகள் கிடைக்கும். பெயரில் சிறுகோடு இருந்தால் அது '_002டி' என்று மாறிவிடும், தேடும்போது இதை நினைவில் வையுங்கள்.

இதில் இன்னும் இரண்டு விஷயங்கள் குடியிருக்கின்றன, பலர் கவனிப்பதில்லை. ஒன்று, டாம்கேட் நிற்கும்போது சேமிக்கும் செஷன் கோப்பு (செஷன்ஸ்.எஸ்இஆர்). மற்றொன்று, அப்ளிகேஷனின் தற்காலிக இடமும் இதே ஃபோல்டர்தான். வேறு இடம் சொல்லாவிட்டால் பயனர் ஏற்றும் கோப்புகள் முதலில் இங்கேதான் விழும். சில லைப்ரரிகள் தங்கள் கேஷையும் இங்கேயே எழுதும்.

பக்கம் மாறிவிட்டதா இல்லையா என்று டாம்கேட்டுக்கு எப்படித் தெரிகிறது?

தேதியை வைத்து. உள்ளே இருப்பது என்ன என்று அது பார்ப்பதே இல்லை. கம்பைல் ஆனதும், கிளாஸ் கோப்பின் திருத்த நேரத்தை மூல ஜேஎஸ்பியின் திருத்த நேரத்துக்குச் சமமாக மாற்றி வைக்கும். அடுத்த முறை இரண்டு நேரமும் ஒன்றாக இருந்தால் பழையதையே எடுக்கும், வேறுபட்டால் மறுபடி கம்பைல் செய்யும்.

உருவான ஜாவா கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள். மேலே உள்ள குறிப்பில் எந்த டாம்கேட் வெர்ஷன், எந்த நேரத்தில் உருவாக்கியது என்று இருக்கும். கோப்பின் தேதி மூலத்தின் தேதிக்கு மாற்றப்பட்டது என்றும் அங்கேயே எழுதியிருக்கும். ஆகவே கோப்புப் பட்டியலில் தெரியும் தேதியை வைத்து 'நேற்று கம்பைல் ஆனது' என்று முடிவு செய்யாதீர்கள். உண்மையான நேரம் அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது, அதுவும் யுடிசியில். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் கீழே '_ஜேஎஸ்பிஎக்ஸ்_டிபெண்டன்ட்ஸ்' என்ற பட்டியல் வரும். இந்தப் பக்கம் இன்க்ளூட் கட்டளையால் உள்ளே இழுத்த தலைப்புக் கோப்பு, டேக் கோப்புகள், டேக்குகளை விவரிக்கும் டிஎல்டி கோப்புகள் ஆகியவற்றின் பெயரும் அவற்றின் திருத்த நேரமும் அதில் இருக்கும். இவற்றில் ஒன்று மாறினாலும் பக்கம் மறுபடி கம்பைல் ஆகும்.

ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு ஒவ்வொரு பக்கமும் முதல் தடவை கேட்கப்படும்போது இந்தச் சோதனை கட்டாயம் நடக்கும். ஓடும்போதும் தேதியைப் பார்த்துக்கொண்டிருக்கும் டெவலப்மெண்ட் பயன்முறையை அணைத்து வைத்திருந்தாலும் நடக்கும். 'ப்ரொடக்‌ஷனில் தேதியே பார்க்காது, அதனால் அழிக்கணும்' என்று சொல்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

இவ்வளவு சோதனை இருந்தும் பழைய பக்கம் வருகிறதே, ஏன்?

முதலில் அது வொர்க் ஃபோல்டரின் குற்றம்தானா என்று உறுதி செய்யுங்கள். நீங்கள் மாற்றிய வரியை, உருவான ஜாவா கோப்பில் தேடுங்கள். புது வரி அங்கே இருந்தால் ஜாஸ்பர் தன் வேலையைச் செய்துவிட்டது. பிரவுசர் கேஷ், சிடிஎன் (பக்கங்களை இடையில் சேமித்துத் தரும் சேவை), முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் சர்வர் இவற்றைப் பாருங்கள். பழைய வரிதான் இருக்கிறது, அல்லது நீங்கள் மாற்றியது ஜேஎஸ்பியே அல்ல என்றால் கீழ்க்கண்ட மூன்றில் ஒன்று.

முதலாவது, மாறியது ஜேஎஸ்பி அல்ல, அது பயன்படுத்தும் ஜாவா கிளாஸ். முன்பு சொன்ன பட்டியலில் சாதாரண ஜாவா கிளாஸ்களுக்கு இடமில்லை. டிஎல்டி கோப்பு உள்ள ஜார் (ஜாவா கிளாஸ்களின் தொகுப்புக் கோப்பு) மாறினால் ஜாஸ்பர் கவனிக்கும், மற்ற ஜார்களை அது எட்டிப் பார்ப்பதில்லை. உதாரணத்துக்கு, கட்டணம் என்ற கிளாஸில் வரி விகிதம் ஸ்டாடிக் ஃபைனல் எண்ணாக 12 என்று இருக்கிறது, ஜேஎஸ்பியில் ஸ்கிரிப்ட்லெட் (பக்கத்துக்குள் எழுதிய ஜாவா துண்டு) அதை நேரடியாக அச்சிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பைலர் அந்த 12-ஐ பக்கத்தின் கிளாஸ் கோப்புக்குள்ளேயே பதித்துவிடும். நீங்கள் 18 என்று மாற்றி புது ஜாரைப் போட்டாலும் பக்கம் 12 என்றே காட்டும். லாகில் பிழை எதுவும் வராது. ரீஸ்டார்ட் எத்தனை முறை செய்தாலும் 12தான். இந்த வகைக் கோளாறுகளிலேயே ஆபத்தானது இது, ஏனென்றால் எதுவும் உடையாமல் தப்பான எண் மட்டும் வெளியே போகும்.

இதன் தம்பி ஒருவன் உண்டு. ஒரு மெத்தடின் ரிட்டர்ன் வகையை இன்ட்டிலிருந்து லாங்குக்கு மாற்றுகிறீர்கள். ஜேஎஸ்பியில் ஒன்றும் திருத்த வேண்டியதில்லை, மறுபடி கம்பைல் செய்தால் ஓடும். ஆனால் பழைய கிளாஸ் கோப்பு இன்ட் தரும் மெத்தடைத் தேடி, கிடைக்காமல் 'நோ சச் மெத்தட் எரர்' என்று விழும். கோடைத் திறந்து பார்த்தால் மெத்தட் கண்ணெதிரே இருக்கும், குழப்பம் தலைக்கேறும். ஸ்கிரிப்ட்லெட் இல்லாமல் முழுக்க ஜேஎஸ்பியின் இஎல் எக்ஸ்பிரஷனும் ஜேஎஸ்டிஎல் டேக்குகளும் மட்டும் பயன்படுத்தும் பக்கங்களில் இந்த இரண்டும் பெரும்பாலும் வராது. அங்கே மெத்தடைத் தேடும் வேலை ஓடும் நேரத்தில் நடக்கிறது.

இரண்டாவது, எல்லாக் கோப்புக்கும் ஒரே தேதி. ஒரே மூலத்திலிருந்து எப்போது பில்ட் செய்தாலும் பைட்டுக்கு பைட் ஒரே வார் கோப்பு (அப்ளிகேஷன் முழுவதையும் கட்டிய கோப்பு) வரவேண்டும் என்று, உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் நிலையான தேதி போடும் பழக்கம் பரவியிருக்கிறது. பில்ட் கருவியான மேவனில் 'அவுட்புட் டைம்ஸ்டாம்ப்' என்ற ப்ராப்பர்ட்டியை ஒரு தேதியில் நிறுத்தி, வெளியீட்டுக்கு வெளியீடு மாற்றாமல் விட்டால் இதுதான் நடக்கும். மற்றொரு பில்ட் கருவியான கிரேடிலில் கோப்புத் தேதிகளைக் காக்கும் தெரிவை அணைத்தால் எல்லாமே 1980 பிப்ரவரி 1 ஆகிவிடும். கிரேடில் 9-ல் இதுவே இயல்புநிலை. டாம்கேட் வார் கோப்பைப் பிரிக்கும்போது உள்ளே பதிந்துள்ள தேதியையே ஒவ்வொரு கோப்புக்கும் போடும். இப்போது கணக்குப் போடுங்கள்: போன வெளியீட்டின் பில் பக்கத்துக்கும் இந்த வெளியீட்டின் பில் பக்கத்துக்கும் ஒரே தேதி. ஜாஸ்பர் பார்வையில் எதுவும் மாறவில்லை. வார் கோப்பு சரியாகப் பிரிந்திருக்கும், வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் புது ஜேஎஸ்பி இருக்கும், திரையில் மட்டும் பழசு வரும். பில்ட் கருவியை மேம்படுத்திய வாரத்தில் இப்படி ஆரம்பித்தால் முதலில் இங்கே பாருங்கள்.

மூன்றாவது, மிகப் பழைய டாம்கேட். 7.0.16 வரை, ஜேஎஸ்பியின் தேதி கிளாஸ் தேதியைவிடப் புதிதாக இருந்தால் மட்டுமே மறுகம்பைல். முந்தைய வெர்ஷனுக்குத் திரும்பும்போது பழைய தேதியுள்ள ஜேஎஸ்பி வரும், அது கண்டுகொள்ளப்படாது. 7.0.17 முதல் தேதி முன்னே போனாலும் பின்னே போனாலும் கண்டுபிடித்துவிடும். 'ரீஸ்டார்ட்டுக்கு முன் வொர்க்கை அழி' என்ற மந்திரம் பல அலுவலகங்களில் அந்தக் காலத்து எச்சம்.

டாம்கேட் வெர்ஷனை உயர்த்தினால்?

அழித்துவிடுங்கள், யோசிக்க வேண்டாம். உருவான கிளாஸ்கள் ஜாஸ்பரின் உள் கிளாஸ்களைச் சார்ந்தவை. ஒரே தொடருக்குள் சின்ன அப்டேட்டில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் அழிப்பதற்கு ஆகும் செலவு ஒரு தடவை கம்பைல் மட்டுமே. 9-லிருந்து 10-க்குப் போவது வேறு ரகம்: பேக்கேஜ் பெயர்கள் ஜாவாஎக்ஸிலிருந்து ஜகார்த்தாவுக்கு மாறிவிட்டன, பழைய கிளாஸ்கள் புது டாம்கேட்டில் ஏறவே ஏறாது. வெர்ஷனை இறக்கும்போதும் இதே விதி.

அழித்தால் எதை இழப்பேன்?

செஷன்கள் போகலாம். டாம்கேட் 9 வரை, முறையாக நிறுத்தினால் உள்ளே இருப்பவர்களின் செஷன்கள் வொர்க் ஃபோல்டரில் எழுதப்பட்டு, எழுந்ததும் திரும்ப ஏற்றப்படும். ஏற்றியதும் கோப்பு தானாக நீங்கிவிடும். ஆகவே சர்வர் நின்றிருக்கும் அந்த இடைவெளியில் மட்டுமே அது கண்ணில் படும், நீங்கள் அழிப்பதும் சரியாக அதே இடைவெளியில்தான். விளைவாக எல்லாரும் மறுபடி லாகின் செய்ய வேண்டும். 10.1 முதல் இந்தச் சேமிப்பு இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது, கான்டெக்ஸ்ட் அமைப்பில் நீங்களே இயக்கியிருந்தால் தவிர.

அடுத்தது வேகம். ஒவ்வொரு பக்கமும் முதல் தடவை கேட்கப்படும்போது கம்பைல் ஆகும், அதே பக்கத்தைக் கேட்கும் மற்ற எல்லாரும் அது முடியும்வரை காத்திருப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு யாருக்கும் தெரியாது. காலை பத்து மணிக்கு, எல்லாரும் திறக்கும் முகப்புப் பக்கத்தில் என்றால், இயல்பாக உள்ள 200 திரெட்டும் அந்த ஒரே பூட்டுக்கு முன் வரிசையில் நிற்கும். கண்காணிப்புக் கருவி சர்வர் செத்துவிட்டது என்று அலாரம் அடிக்கும், யாரோ மறுபடி ரீஸ்டார்ட் செய்வார்கள், மறுபடி காலி, மறுபடி கம்பைல்.

சரியாக அழிப்பது எப்படி?

1. டாம்கேட்டை நிறுத்துங்கள். சர்வீஸ் நிறுத்தும் கட்டளை திரும்பி வந்துவிட்டது என்பதை நம்பாமல், ஜாவா ப்ராசஸ் உண்மையில் போய்விட்டதா என்று ப்ராசஸ் பட்டியலில் பாருங்கள்.
2. வொர்க், கேட்டலினா, லோக்கல்ஹோஸ்ட் வழியாக இறங்கி, மாறிய அப்ளிகேஷனின் ஃபோல்டரை மட்டும் எடுங்கள். ஒரே டாம்கேட்டில் ஐந்து அப்ளிகேஷன் ஓடினால் மற்ற நான்கைத் தொட வேண்டியதில்லை.
3. செஷனைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்த ஃபோல்டரையே விட்டுவிட்டு, அதற்குள் ஆர்க், அப்பாச்சி, ஜேஎஸ்பி என்று போகும் 'ஆர்க்' துணை ஃபோல்டரை மட்டும் அழியுங்கள். கம்பைல் ஆனவை எல்லாம் அதற்குள்தான்.
4. சர்வரை எழுப்பி, முக்கியமான பக்கங்களை நீங்களே ஒருமுறை திறங்கள்.

டெபியன், உபுண்டு பேக்கேஜ் வழியாக டாம்கேட் 9 நிறுவியிருந்தால் வொர்க் என்பது உண்மையான ஃபோல்டர் அல்ல, வார் கேஷுக்குள் இருக்கும் ஃபோல்டருக்கு ஒரு சிம்லிங்க். (இந்த 'வார்' லினக்ஸ் ஃபோல்டர், வார் கோப்பு அல்ல.) வொர்க்கையே நீக்கினால் இணைப்புதான் போகும், பழைய கிளாஸ்கள் அங்கேயே பத்திரமாக இருக்கும். உள்ளே இருப்பதை மட்டும் நீக்குங்கள்.

சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அழிக்கலாமா?

கூடாது. ஏற்கனவே மெமரியில் ஏறிய பக்கங்கள் தொடர்ந்து ஓடும், அதனால் 'ஒன்றும் ஆகவில்லையே' என்று தோன்றும். பிறகு யாராவது ஒரு படத்தையோ எக்செல் கோப்பையோ ஏற்ற முயல்வார்கள், 'தற்காலிக அப்லோட் இடம் செல்லாது' என்ற பொருளில் பிழை வரும். நீங்கள் அழித்த ஃபோல்டர்தான் அந்த இடம். அடுத்த ரீஸ்டார்ட் வரை அப்லோட் நடக்காது.

ஸ்பிரிங் பூட்டில் உள்ளடங்கிய டாம்கேட் ஓட்டுபவர்களுக்கு இதே பிழை யாரும் எதையும் அழிக்காமலே வரும். அதன் வொர்க் ஃபோல்டர் லினக்ஸின் டிஎம்பி ஃபோல்டருக்குள் உருவாகிறது. லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டி-யின் துப்புரவு வேலை பல லினக்ஸ்களில் 10 நாள் தொடப்படாத கோப்புகளை அங்கிருந்து நீக்கிவிடும். டாம்கேட்டின் பேஸ் ஃபோல்டரை ஸ்பிரிங் அமைப்பில் வேறு நிலையான இடத்துக்கு மாற்றினால் தீர்ந்தது.

டாம்கேட்டின் மேனேஜர் பக்கம் வழியாக ரீடிப்ளாய் செய்தால் தனியாக அழிக்கணுமா?

வேண்டாம். ஓடும் டாம்கேட்டில் ஒரு அப்ளிகேஷனை அன்டிப்ளாய் செய்தால் அதன் வொர்க் ஃபோல்டரை டாம்கேட்டே நீக்கிவிடும். சர்வர் முழுதாக நிற்கும்போது மட்டும் வேண்டுமென்றே நீக்காமல் விடும். அதனால்தான் 'நிறுத்து, வார் கோப்பை மாற்று, எழுப்பு' என்று செய்பவர்களுக்கு வரும் சிக்கல், ஓடும்போதே மாற்றுபவர்களுக்கு வருவதில்லை.

பேரலல் டிப்ளாய்மெண்டில், அதாவது வார் பெயரோடு ## போட்டு வெர்ஷன் எண் தருபவர்களுக்கு, ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனி வொர்க் ஃபோல்டர். பழசும் புதுசும் கலக்கவே வழியில்லை.

ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்டிலேயே அழிக்கும் வரியைப் போட்டுவிட்டால் நிம்மதிதானே?

டெஸ்ட் சர்வரில் போடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். ப்ரொடக்‌ஷனில் அந்த வரியை டிப்ளாய் ஸ்கிரிப்டில் வையுங்கள். மின்தடைக்குப் பிறகோ மெமரி தீர்ந்து விழுந்த பிறகோ சர்வர் தானாக எழும் நேரம், அது மிக வேகமாகத் தயாராக வேண்டிய நேரம். அப்போது எல்லாப் பக்கத்தையும் கம்பைல் செய்ய வைப்பது யாருக்கும் உதவாது.

எப்படியும் போடுவேன் என்றால் இரண்டு எச்சரிக்கை. கேட்டலினா பேஸ் என்ற மாறி காலியாக இருக்கிறதா என்று அழிப்பதற்கு முன் சோதியுங்கள், காலியாக இருந்தால் அந்தப் பாதை டிஸ்கின் வேரிலிருந்து ஆரம்பிக்கும். சிஸ்டம்டி சர்வீஸ் கோப்பில் தொடக்கத்துக்கு முந்தைய கட்டளையாக எழுதினால் நட்சத்திரக் குறி விரியாது, ஏனென்றால் அங்கே ஷெல் கிடையாது. கட்டளை வெற்றிகரமாக ஓடியதாகவே காட்டும், ஒரு கோப்பும் அழிந்திருக்காது. ஃபைண்ட் கட்டளையை 'மின்டெப்த் 1', 'டெலீட்' தெரிவுகளோடு பயன்படுத்துங்கள்.

அழித்த பிறகு 'பெர்மிஷன் டினைட்' வருகிறது, கம்பைல் ஆக மறுக்கிறது.

யாரோ ரூட் பயனராக ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்டை ஓட்டியிருக்கிறார்கள். அப்போது உருவான ஃபோல்டர்கள் ரூட்டுக்குச் சொந்தம், இப்போது டாம்கேட் பயனரால் அவற்றில் எழுத முடியவில்லை. நிறுத்திவிட்டு வொர்க், டெம்ப், லாக்ஸ் மூன்றின் உரிமையையும் டாம்கேட் பயனருக்கு மாற்றுங்கள். லாக்ஸை விட்டுவிட்டால் அடுத்த பிழை அங்கிருந்து வரும்.

கம்பைல் தாமதமே இல்லாமல் செய்ய முடியாதா?

முடியும், அதுதான் நல்ல தீர்வும்கூட. டாம்கேட்டோடு வரும் ஜேஎஸ்பிசி கருவியால் பில்ட் நேரத்திலேயே எல்லாப் பக்கத்தையும் கம்பைல் செய்து, சர்வ்லெட்டுகளாக வார் கோப்புக்குள் வைத்துவிடலாம். ஆன்ட்டுக்கு டாஸ்க் உண்டு, மேவனுக்கு ப்ளக்இன்கள் உண்டு. கருவி தரும் சர்வ்லெட் மேப்பிங் துண்டை வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் சேர்க்க வேண்டும். அதன்பின் அந்தப் பக்கங்களுக்கு வொர்க் ஃபோல்டரே தேவைப்படாது, இந்தக் கேள்வியே எழாது. மெத்தட் மாறியதால் வரும் பிழையும் பில்டிலேயே பிடிபடும். ஒரு நிபந்தனை: சர்வரில் உள்ள அதே டாம்கேட் வெர்ஷனின் ஜேஎஸ்பிசியையே பயன்படுத்துங்கள்.

அவ்வளவு தூரம் போக மனமில்லையா? பக்க முகவரியின் இறுதியில் 'ஜேஎஸ்பி_ப்ரீகம்பைல்' என்ற பாராமீட்டரைச் சேர்த்து அழைத்தால், பக்கம் ஓடாமல் கம்பைல் மட்டும் ஆகும். இது ஜேஎஸ்பி வரையறையிலேயே உள்ள வசதி. ஆனால் வெப்-இன்ஃப் ஃபோல்டருக்குள் இருக்கும் பக்கங்களை வெளியிலிருந்து முகவரியால் தொட முடியாது, 404தான் வரும். ஸ்பிரிங் எம்விசி அப்ளிகேஷன்களில் பெரும்பாலான பக்கங்கள் அங்கேதான் இருக்கும், ஆகவே அங்கே ஜேஎஸ்பிசி, அல்லது லோட் பேலன்சரில் சேர்க்கும் முன் உண்மையான முகவரிகளை ஒரு சுற்று அழைப்பது.

டாக்கரில்?

புது இமேஜிலிருந்து கன்டெய்னரை மறுபடி உருவாக்கினால் வொர்க் ஃபோல்டரும் புதிதாகவே பிறக்கும். அதே கன்டெய்னரை ரீஸ்டார்ட் மட்டும் செய்தால் பழசு அப்படியே இருக்கும், இமேஜ் மாறாததால் கவலையில்லை. வொர்க்கை வால்யூமாக மட்டும் மவுண்ட் செய்யாதீர்கள், கன்டெய்னர் தந்த பாதுகாப்பை நீங்களே கழற்றி வைத்ததாகும்.

டெம்ப் ஃபோல்டரையும் சேர்த்து அழிக்கலாமா?

சர்வர் நின்றிருந்தால் உள்ளே இருப்பதை நீக்கலாம், ஃபோல்டரை நீக்காதீர்கள். அது இல்லாவிட்டால் தற்காலிக ஃபோல்டரைக் காணோம் என்று எழும்போதே லாகில் எழுதும், பிறகு தற்காலிகக் கோப்பு தேவைப்படும் இடமெல்லாம் விழும்.

பிஎச்பி சர்வருக்கும் இதே பதிலா?

இல்லை. பிஎச்பியின் ஓபிகேஷ் கம்பைல் ஆனதை மெமரியில்தான் வைக்கிறது, பிஎச்பியை ஓட்டும் எஃப்பிஎம்-ஐ ரீஸ்டார்ட் செய்தாலே காலியாகிவிடும். ஃபைல் கேஷ் தெரிவை நீங்களே இயக்கி ஒரு ஃபோல்டர் கொடுத்திருந்தால் மட்டும் அது டிஸ்கில் தங்கும். தேதிச் சோதனையை அணைத்து வைத்திருப்பவர்கள் வெளியீட்டின்போது ரீஸ்டார்ட் அல்லது ரீலோட் செய்தே ஆகவேண்டும். டெர்மினலில் இருந்து ரீசெட் ஃபங்ஷனை ஓட்டினால் வெப் சர்வரின் கேஷ் அசையாது, அது கமாண்ட் லைன் ப்ராசஸின் சொந்த கேஷை மட்டுமே தொடும்.